திருப்பாத அம்பு எப்படித் திரும்பியது? வளைவு, ஈர்ப்பு, கேஜ் கோட்பாடு

[திரையில்: பூமி உருண்டை, வட துருவத்தில் சிவப்பு அம்பு]

வட துருவத்துல ஒரு அம்பு. கிரீன்விச் ரேகையை நோக்கிக் கிடக்கு. துளியும் திருப்பாம, அதே ரேகை வழியா நிலநடுக்கோட்டுக்கு இறக்குங்க. அங்கிருந்து கிழக்கே 90 டிகிரி நகர்த்துங்க. இந்தியப் பெருங்கடலுக்கு வந்தாச்சு, அம்பு இன்னும் தெற்கைத்தான் பார்க்குது. இப்போ நேரா வடக்கே, வங்கதேசம் வழியா, மறுபடி துருவம்.

அம்பு 90 டிகிரி திரும்பிக் கிடக்கு! வழியில யாரும் அதைத் திருப்பவே இல்லை.

ஒரு சுற்று முடிஞ்சதும் மிஞ்சுற இந்தத் திருப்பம்தான் வளைவோட அளவு. பூமியை விட்டு வெளியே போய்ப் பார்க்க வேண்டியதில்லை. 'திருப்பாம நகர்த்துறது'ன்னா என்னன்னு இத்தாலியக் கணிதமேதை லெவி-சிவிட்டா தெளிவாக்கினது 1917-ல. ஈர்ப்புங்கிறது காலவெளியோட வளைவுதான்னு சொல்ற பொதுச் சார்பியலை ஐன்ஸ்டைன் முடிச்சதோ 1915-ல!

[திரையில்: பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்]

காலமும் வெளியும் சேர்ந்த காலவெளியிலும் இதே சோதனைதான். 2004-ல ஏவின கிராவிட்டி ப்ரோப் பி செயற்கைக்கோளுக்குள்ள சுழலும் குவார்ட்ஸ் உருண்டைகள்தான் அம்பு. பூமியைச் சுத்தச் சுத்த, வருஷத்துக்குச் சுமார் 6.6 ஆர்க் செகண்ட் திரும்புச்சு. ஒரு டிகிரியில 3,600 ஆர்க் செகண்ட். அவ்வளவு சின்னத் திருப்பம். ஐன்ஸ்டைன் கணக்கோட பொருந்துச்சு.

[திரையில்: எலக்ட்ரான் அலை, புள்ளிக்குப் புள்ளி ஒரு முள்]

1918-ல கணிதமேதை ஹெர்மன் வைல் கேட்டார்: திசை மாறலாம்னா நீளமும் ஏன் மாறக்கூடாது? அதை வெச்சு மின்காந்தத்தையும் வடிவியலாக்கப் பார்த்தார். ஐன்ஸ்டைன் விடலை: அப்படின்னா ஒரு அணுவோட நிறமாலை, அதாவது அது விடுற ஒளியோட நிறங்கள், அது கடந்து வந்த பாதையைப் பொறுத்து மாறணுமே? ஆணித்தரமான கேள்வி. 1929-ல வைல் திருத்திக்கிட்டார்: மாறுறது நீளமில்லை, குவாண்டம் அலையோட கட்டம். ஒவ்வொரு புள்ளியிலும் கடிகார முள் மாதிரி ஒரு கோணம்னு வெச்சுக்கோங்க. அந்த முள்ளை நகர்த்தும் விதியைத் தர்றது மின்காந்த அழுத்தம் (இங்கிலீஷ்ல 'பொட்டென்ஷியல்'). சுற்றி வந்தபின் மிஞ்சுற திருப்பம், அதாவது வளைவு, மின்காந்தப் புலம். இந்த மாதிரி அமைப்புக்குப் பேர்தான் கேஜ் கோட்பாடு.

இயற்பியலாளர்கள் அகாரனோவும் போமும் 1959-ல இன்னும் விநோதமா ஒண்ணு சொன்னாங்க. காந்தப் புலம் ஒரு சுருளுக்குள்ளேயே அடைபட்டிருக்கு. எலக்ட்ரான் அதைத் தொடாம வெளியே ரெண்டு பக்கமும் போகுது. இருந்தும், ரெண்டு பக்கத்து அலையும் சேர்றப்போ உண்டாகுற குறுக்கீட்டு வரிகள் நகரும்! 1986-ல டோனோமுரா குழு அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாம காட்டுச்சு.

[திரையில்: இரண்டு பத்தி அட்டவணை]

இயற்பியலாளர்கள் யாங்கும் மில்ஸும் 1954-ல ஒற்றை முள்ளுக்குப் பதிலா, வரிசை மாத்தினா விடை மாறுற சுழற்சிகளை வெச்சாங்க. அதனால புலம் தன்னோடவே வினைபுரியுது; குவார்க்குகளை ஒட்ட வைக்கிற குளுவான் துகள்கள் அப்படித்தான். கணிதக்காரங்க இதே அமைப்பைத் தனியா கட்டி வெச்சிருந்தது யாங்குக்கு அப்போ தெரியாது. அமெரிக்காவுல ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துல கணிதக்காரர் ஜிம் சைமன்ஸ் பாடம் எடுத்த பிறகு, 1975-ல வூவும் யாங்கும் ரெண்டு துறைச் சொற்களையும் அட்டவணையா பக்கத்துல பக்கத்துல போட்டாங்க. புலத்தை உண்டாக்குற 'மூலம்'ங்கிற மின்னோட்டத்துக்கு எதிரே கணிதப் பத்தியில இருந்தது வெறும் கேள்விக்குறி.