அதே ஆட்டத்தோடு திரும்பி வந்தவர்கள்

அனைவருக்கும் வணக்கம். ஜெர்சியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கூடைப்பந்து அணிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்றைய பேச்சு முக்கியமாக உங்களுக்குத்தான்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த அணியின் 2018-19 சீசனை, கல்லூரி விளையாட்டில் நான் அறிந்த மிகப் பெரிய சீசன் என்று நினைக்கிறேன். அது ஏன் பெரியது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போய்வர வேண்டும்.

பல்கலைக்கழகம் இருப்பது சார்லட்ஸ்வில் என்ற அமைதியான ஊரில். 1819-ல் தாமஸ் ஜெஃபர்சன் நிறுவியது. கூடைப்பந்து அணிக்கும் நூறு வயது தாண்டிவிட்டது. ஆனால் அது ஆடும் ஏ.சி.சி. என்ற கல்லூரி லீக்கில் வட கரோலினா, டியூக் என்று இரண்டு ஜாம்பவான்கள். அவர்கள் நடுவில் வர்ஜீனியா ரொம்ப காலம் ஓரமாகவே நின்றது. 1976-ல்தான் முதல் முறையாக லீக் பட்டம் வந்தது.

அப்புறம் ரால்ஃப் சாம்ப்சன் வந்தார். 7 அடி 4 அங்குல உயரம். நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் என்ற விருதை 3 வருஷம் தொடர்ந்து வாங்கியவர். என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்குக்குப் போனால் கோடிக்கணக்கில் பணம் என்று தெரிந்தும் நான்கு வருஷமும் கல்லூரியிலேயே ஆடினார். 1981-ல் அணி முதல் முறையாகத் தேசிய அரையிறுதி வரை போனது. பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. 1982 டிசம்பரில், நாட்டின் முதல் இடத்தில் இருந்தபோது, ஹவாயில் சாமினாட் என்ற சின்னஞ்சிறு கல்லூரியிடம் 77-72 என்று தோற்றார்கள். அமெரிக்கக் கூடைப்பந்தில் அதிர்ச்சித் தோல்விகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பல வருஷம் அந்த ஆட்டத்தைத்தான் முதலில் சொல்வார்கள். சாம்ப்சன் போன பிறகு, 1984-ல், யாரும் எதிர்பாராமல் மறுபடியும் அரையிறுதிக்கு வந்தார்கள். அத்தோடு சரி. அடுத்த 35 வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

2009-ல் டோனி பென்னட் கோச்சாக வந்தார். இவருடைய அப்பா டிக் பென்னட்டும் கோச். அப்பா உருவாக்கிய டிஃபென்ஸ் முறை ஒன்று உண்டு. கூடையிலிருந்து சுமார் 16 அடி தூரத்தில் ஒரு கோடு இருப்பதாக மனதுக்குள் வரைந்துகொள்ள வேண்டும். பந்து வைத்திருக்கும் ஆளை ஒருவர் மட்டும் வெளியே போய் நெருக்குவார். மற்ற நால்வரும் கோட்டுக்கு உள்ளேயே நிற்பார்கள். எதிராளி உள்ளே புகுந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் ஆள் இருப்பார். பந்து கைமாறும் கணத்திலேயே ஐந்து பேரும் நகர வேண்டும். பாஸ் போய்ச் சேர்ந்த பிறகு நகர்ந்தால் தாமதம். கேட்க எளிது. பயிற்சியில் கால் வலிக்க வலிக்க, மாதக்கணக்கில் பழகினால்தான் உடம்பில் ஏறும்.

தங்களிடம் பந்து இருக்கும்போதோ, அவசரமே கிடையாது. ஷாட் எடுக்க 30 விநாடி இருந்தால் அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தி, நல்ல வாய்ப்பு வரும்வரை பாஸ் செய்துகொண்டே இருப்பார்கள். நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணி என்று பெயர் வாங்கினார்கள். பார்க்கவே போரடிக்கிறது என்று டி.வி.யில் விமர்சித்தார்கள். ஆனாலும் 2014-ல் லீக் பட்டம் வந்தது, 1976-க்குப் பிறகு முதல் முறையாக. ஒவ்வொரு வருஷமும் ஜெயித்துக்கொண்டே போனார்கள். மார்ச் மாதத் தேசியப் போட்டியில் மட்டும் எங்காவது ஓரிடத்தில் விழுந்தார்கள்.

அந்தப் போட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 68 அணிகள். தோற்றால் வீடு. நாலு பிரிவாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை கொடுப்பார்கள். முதல் சுற்றில் 1-ம் தர அணி 16-ம் தர அணியோடு மோதும். ஆண்கள் போட்டியில் 1985-லிருந்து 135 தடவை அப்படி மோதி, 135 தடவையும் 1-ம் தர அணியே ஜெயித்திருந்தது. பெண்கள் பிரிவில் 16-ம் தர ஹார்வர்டு அணி 1998-லேயே ஸ்டான்ஃபோர்டை வீழ்த்தி அதைச் சாதித்துக் காட்டிவிட்டது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கே இருக்கும் பெண்கள் அணிக்காக அழுத்திச் சொல்கிறேன்.

2018 மார்ச் 16. சார்லட் நகரம். 31 வெற்றி, 2 தோல்வியோடு நாட்டின் முதல் அணியாக வர்ஜீனியா வந்தது. எதிரே 16-ம் தர அணியான யூ.எம்.பி.சி., அதாவது மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகம். விளையாட்டை விடப் படிப்புக்குப் பேர் போன இடம். வர்ஜீனியாவின் முக்கிய வீரர் டீஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு உடைந்து வெளியே இருந்தார். ஆனாலும் யாரும் கவலைப்படவில்லை. இடைவேளையில் 21-21. இரண்டாம் பாதியில் கதவு திறந்துகொண்டது. யூ.எம்.பி.சி. அந்த ஒரு பாதியில் மட்டும் 53 புள்ளி எடுத்தது. அந்த சீசனில் வர்ஜீனியா ஒரு முழு ஆட்டத்துக்கே சராசரியாக அவ்வளவுதான் விட்டுக்கொடுத்திருந்தது. முடிவு 74-54. கடைசி விநாடியில் நழுவிய ஆட்டம் இல்லை இது. 20 புள்ளி வித்தியாசம்.

அன்றிரவு பென்னட் சாக்கு எதுவும் சொல்லவில்லை. எதிரணி எங்களை விட நன்றாக ஆடியது, களத்தில் இறங்குகிறவனுக்கு இப்படியும் நடக்கும் என்ற பொருளில் பேசிவிட்டுப் போனார். நாடு முழுக்கக் கேலி. இத்தனை மெதுவாக ஆடினால் இப்படித்தான், பின்தங்கினால் எழுந்திருக்கத் தெரியாத முறை இது, தூக்கிப் போடுங்கள் என்றார்கள்.

அவர் தூக்கிப் போடவில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவமானப்பட்ட மனிதன் தன்னிடம் இருப்பது எல்லாமே தப்பு என்று நினைக்க ஆரம்பித்துவிடுவான். பென்னட் தப்பை அளந்து பார்த்தார். டிஃபென்ஸில் கை வைக்கவில்லை. தாக்குதலில் மட்டும், பந்து வைத்திருப்பவருக்கு இன்னொருவர் வந்து தடுப்பு கொடுத்து வழி திறக்கும் ஆட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்தார். டை ஜெரோம், கைல் கய், ஹன்டர் மூவரும் தாமாக முடிவெடுக்க இடம் கிடைத்தது. அவ்வளவுதான் மாற்றம்.

மனதளவில் நடந்தது வேறு. துன்பத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தால், வேறு எந்த வழியிலும் போக முடியாத இடத்துக்கு அது கூட்டிப்போகும் என்ற கருத்தை ஓர் உரையில் கேட்டு, பென்னட் அதை அணிக்குச் சொன்னார். தோல்வியைப் பற்றிய கேள்விகளை அவர்கள் தவிர்க்கவே இல்லை. ஒவ்வொரு ஊரிலும் கேட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் பதில் சொன்னார்கள். கைல் கய், தான் தலை குனிந்து நிற்க, பின்னால் யூ.எம்.பி.சி. வீரர்கள் கொண்டாடும் புகைப்படத்தைத் தன் செல்போன் திரையிலேயே வைத்துக்கொண்டார். தனக்கிருந்த மனப்பதற்றத்தைப் பற்றியும் வெளிப்படையாக எழுதினார். இருபது, இருபத்தொரு வயசுப் பையன். அந்தத் துணிச்சலை நான் எந்த ஷாட்டை விடவும் மேலாக மதிக்கிறேன்.

சீசன் ஆரம்பித்தது. முதல் 16 ஆட்டமும் வெற்றி. டியூக்கிடம் இரண்டு தடவை, ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் ஒரு தடவை, ஆக மூன்றே தோல்வி. மறுபடியும் 1-ம் தரம். மறுபடியும் முதல் சுற்றில் 16-ம் தர அணி, கார்ட்னர்-வெப். முதல் பாதியில் 14 புள்ளி பின்தங்கினார்கள். அரங்கத்தில் இருந்த எல்லோருக்கும் ஒரே நினைப்புதான் ஓடியிருக்கும். ஆனால் பையன்கள் அதே டிஃபென்ஸை இறுக்கினார்கள். 71-56 வெற்றி. அடுத்து ஓக்லஹோமா, ஓரிகன்.

இரண்டையும் தாண்டி, அரையிறுதிக்கு முந்தைய ஆட்டம், பர்டூ அணியோடு. எதிரணியின் கார்சன் எட்வர்ட்ஸ் 42 புள்ளி. எப்படிக் காத்தும் நிற்கவில்லை. 5.9 விநாடி மிச்சம், வர்ஜீனியா 3 பின்னால். ஜெரோம் ஃப்ரீ த்ரோ போடுகிறார், அதாவது யாரும் தடுக்காமல் எறியும், ஒரு புள்ளிக்கான ஷாட். முதலாவது உள்ளே. இரண்டாவது தவறியது. மமாடி டியாகிடே எகிறித் தட்டினார், பந்து பின்னால், தங்கள் பாதிக்கே ஓடிவிட்டது. 5 அடி 9 அங்குல முதலாண்டு மாணவன் கிஹேய் கிளார்க் துரத்திப் பிடித்தான். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அருகில் நின்ற சீனியர்களுக்குக் கொடுத்திருக்கலாம், தானே எறிந்திருக்கலாம். அவன் தலையைத் தூக்கிப் பார்த்து, தூரத்தில் கூடைக்கருகே நின்ற டியாகிடேவுக்கு ஒரே வீச்சில் அனுப்பினான். டியாகிடே பிடித்த வேகத்தில் விட்டார். மணி அடிக்கும்போது பந்து காற்றில். உள்ளே. 70-70. கூடுதல் நேரத்தில் 80-75. பிள்ளைகளே, இந்தக் காட்சி யூடியூபில் இருக்கிறது. பந்தைப் பார்க்காதீர்கள், கிளார்க்கின் தலையைப் பாருங்கள். அது எப்போது நிமிர்கிறது என்று கவனியுங்கள்.

அரையிறுதியில் ஆபர்ன். 10 புள்ளி முன்னால் இருந்தவர்கள், தொடர்ந்து 14 புள்ளி விட்டுக்கொடுத்து 4 பின்னால் போனார்கள். கய் ஒரு மூன்று புள்ளி ஷாட் போட்டு நெருக்கினார். கடைசியில் மூலையிலிருந்து இன்னொன்று எறியும்போது அவர் மேல் ஃபவுல். 0.6 விநாடி மிச்சம், 2 பின்னால், 3 ஃப்ரீ த்ரோ. முதல் இரண்டும் உள்ளே. உடனே எதிரணி டைம்-அவுட் கேட்டது, அவர் மனதைக் கலைக்க. திரும்பி வந்து மூன்றாவதையும் போட்டார். 63-62. இதற்குச் சற்று முன்பு ஜெரோம் பந்தைத் தட்டுவதை நிறுத்திப் பிடித்துவிட்டு மறுபடி தட்டிய தவற்றை நடுவர்கள் கவனிக்கவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆபர்ன் ரசிகர்களின் வருத்தம் நியாயமானது. பட்டம் ஜெயிக்கும் அணிகளுக்கு அதிர்ஷ்டமும் வாய்க்கிறது. அதை மறைத்துவிட்டு உழைப்பை மட்டும் புகழ்வது, அன்றைக்குத் தோற்றவர்களும் அதே அளவு உழைத்தார்கள் என்பதை மறுப்பதாகும்.

2019 ஏப்ரல் 8, மினியாபொலிஸ். இறுதியில் டெக்சஸ் டெக். இங்கேயும் 10 புள்ளி முன்னிலை கரைந்து, 3 பின்னால் போய்விட்டார்கள். கடைசிக் கால் நிமிஷத்துக்குள் மூலையிலிருந்து ஹன்டர் எறிந்த மூன்று புள்ளி ஷாட் 68-68 ஆக்கியது. முந்தைய வருஷம் கையில் கட்டோடு உட்கார்ந்து பார்த்தவர், அன்று 27 புள்ளி. கூடுதல் நேரத்தில் கிடைத்த 12 ஃப்ரீ த்ரோவில் ஒன்றுகூடத் தவறவில்லை. 85-77. வர்ஜீனியாவுக்கு முதல் தேசியப் பட்டம். பின்தங்கினால் எழுந்திருக்கத் தெரியாது என்று சொல்லப்பட்ட அணி, கடைசி மூன்று ஆட்டத்தையும் பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்துதான் ஜெயித்தது.

அந்த வருஷம் பல்கலைக்கழகம் சம்பளத்தைக் கூட்ட முன்வந்தபோது பென்னட் வேண்டாம் என்றார். எனக்குப் போதும், உதவிக் கோச்சுகளுக்கும் மற்ற விளையாட்டுகளுக்கும் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வீரர்களின் எதிர்கால வேலைவாய்ப்புக்கான திட்டத்துக்குத் தானும் மனைவியுமாக 5 லட்சம் டாலர் தந்தார்.

பிறகு எல்லாமே வெற்றியா என்றால், இல்லை. 2023-ல் முதல் சுற்றில் ஃபர்மன் அணி. 2 புள்ளி முன்னால், சில விநாடிகள்தான் பாக்கி. மூலையில் இருவர் மடக்க, பந்தைத் தூர வீசியவர் அதே கிஹேய் கிளார்க். இப்போது ஐந்தாம் ஆண்டு. இந்த முறை பந்து எதிராளி கைக்குப் போனது. மூன்று புள்ளி ஷாட். 68-67. அவருடைய கல்லூரி ஆட்டம் அந்தப் பந்தோடு முடிந்தது. வர்ஜீனியா வரலாற்றிலேயே அதிக வெற்றிகளில் பங்கு கொண்டவர்களில் ஒருவர் அவர். 2019-ன் அந்தப் பாஸை யாரும் அவரிடமிருந்து திரும்ப வாங்கிவிட முடியாது.

2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது பென்னட் விலகினார். வீரர்களுக்குப் பணம், வருஷா வருஷம் அணி மாறுதல் என்று கல்லூரி விளையாட்டு மாறிவிட்டது, இதற்கு நான் பொருத்தமானவன் இல்லை என்று கண் கலங்கச் சொன்னார். சமயம் பார்த்துப் போயிருக்கலாம் என்று சிலர் குறைப்பட்டார்கள். மனம் ஒட்டாமல் இன்னொரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை விட இது நேர்மையானது என்பது என் கருத்து.

2025 மார்ச்சில் புதுக் கோச்சை அறிவித்தார்கள். ரயன் ஓடம். 2018-ல் யூ.எம்.பி.சி. அணியின் கோச்சாக இருந்து வர்ஜீனியாவை 20 புள்ளியில் தோற்கடித்தவர் இவர்தான். இவருடைய அப்பா டேவ் ஓடம் எண்பதுகளில் வர்ஜீனியாவின் உதவிக் கோச். மகன் சிறுவயதில் வளர்ந்ததே சார்லட்ஸ்வில்லில்தான். தங்களைப் பார்த்து நாடே சிரிக்க வைத்த மனிதரைக் கூப்பிட்டு, வா, எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்று அணியை ஒப்படைத்திருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். பென்னட்டின் பதினைந்து வருஷம் அந்த ஊருக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று யாராவது என்னைக் கேட்டால், கோப்பையைக் காட்டுவதற்கு முன்னால் இந்த நியமனத்தைத்தான் காட்டுவேன்.

நன்றி. பிள்ளைகள் கேள்வி கேட்கலாம், நான் இங்கேயேதான் இருக்கிறேன்.