அதற்குள்ளாகவா, இன்னுமா?

இளம் வயதில் கணவனையோ மனைவியையோ இழந்தவர்களிடம் மற்றவர்கள் கேட்கிற கேள்வி இரண்டே இரண்டுதான். ஆரம்பத்தில் இன்னொருவரை விரும்பினால், "அதற்குள்ளாகவா?" கொஞ்ச காலம் போனதும் தனியாகவே இருந்தால், "இன்னுமா?" நடுவில் எங்கேயோ சரியான ஒரு தேதி இருந்தது போலவும், நாம்தான் அதைக் கோட்டை விட்டுவிட்டது போலவும் பேசுவார்கள். அப்படி ஒரு தேதி கிடையாது. இழந்து, மறுபடி காதலித்து, இப்போது அவரோடு வாழ்கிறவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

இந்தத் தேதிக் கணக்கு எங்கிருந்து வருகிறது? துக்கம் படிப்படியாகத் தீரும், கடைசிப் படிக்கு வந்துவிட்டால் ஆள் தேறிவிட்டார், அப்புறம் அடுத்த வாழ்க்கையைப் பார்க்கலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து நிலைகளை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதினார். அவர் பேசியதெல்லாம் தங்கள் சாவையே எதிர்பார்த்துப் படுத்திருந்த நோயாளிகளிடம். அதைக் கொண்டுவந்து உயிரோடு மிஞ்சியவர்களுக்கு டைம்டேபிளாக மாட்டிவிட்டார்கள், நாமும் 'ஏற்பு' எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

எனக்குப் பிடிபட்டது 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன விஷயம். துணையை இழந்தவர் ஒரு நேரம் இழப்போடு கிடக்கிறார், ஒரு நேரம் புது வாழ்க்கைக்கான வேலையைப் பார்க்கிறார், இப்படி மாறி மாறிப் போய்வருவதில்தான் மனசு தேறுகிறது என்றார்கள். இதைப் படித்தபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஏனென்றால் ஒரு சாயங்காலம், இப்போது என்னோடு வாழ்கிற இவர் அனுப்பிய மெசேஜைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன், அரை மணி கழித்து அலமாரியில் எதையோ தேடும்போது என் முதல் கணவருடைய பழைய சட்டை கையில் பட்டு, அதன் காலர் ஓரத்துக் கிழிசலை நான்தான் தைத்தேன் என்பது ஞாபகம் வந்து, தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். இதில் எது நடிப்பு என்று எனக்கே குழப்பம். இரண்டுமே நிஜம்தான்.

ஆக, பழையவரை மறந்த பிறகுதான் புதியவருக்கு இடம் என்பது சரியில்லை. இறந்தவரோடு உள்ள உறவு அறுந்துபோவதில்லை, உருமாறித் தொடர்கிறது என்று டென்னிஸ் கிளாஸும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 1996லேயே சொல்லிவிட்டார்கள். வீட்டில் அதற்கு என்ன அர்த்தம்? போட்டோ சுவரில் இருக்கும். பெயரைச் சாதாரணமாகச் சொல்லிப் பேசலாம். பிள்ளைகள் "அப்பாவுக்கு இது பிடிக்கும்" என்றால் பேச்சை மாற்ற வேண்டியதில்லை.

இங்கே புதிதாக வருகிறவர் பாடு கொஞ்சம் கஷ்டம்தான், அதையும் சொல்லியாக வேண்டும். போனவருக்கு இனிமேல் வயதாகாது, கோபம் வராது, ஈரத் துண்டைக் கட்டிலில் போட மாட்டார். உயிரோடு இருக்கிறவர் இதையெல்லாம் தினமும் செய்வார். என் முதல் கணவரும் துண்டைக் கட்டிலில்தான் போடுவார், அதற்காக நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். அதை இவரிடம் சொன்ன அன்றுதான் இவர் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். தெய்வமாக்கி வைத்தால் அந்த வீட்டில் மனிதன் குடியிருக்க முடியாது.

என் முதல் கணவரின் அம்மா பற்றியும் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்ததும் அவர் பேசுவதை நிறுத்தினார். மகனை நான் மறந்துவிட்டேன் என்ற கோபம் என்றே எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் அவரே போன் செய்து, "நீயும் போய்ட்டா அவனைப் பத்திப் பேச எனக்கு யாரும்மா இருக்கா?" என்று கேட்டார். அவருடைய பயம் அது. இப்போதும் பேசிக்கொள்கிறோம், பெரும்பாலும் அவனைப் பற்றித்தான். இதை முன்கூட்டியே பேசிவிட்டால் பல வீடுகளில் பாதிச் சண்டை இருக்காது.

வாழ்க்கை மாற்றங்கள் மனசை எவ்வளவு உலுக்கும் என்று ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மருத்துவர்கள் 1967இல் ஒரு பட்டியல் போட்டார்கள். துணையின் சாவுக்கு 100 புள்ளி, அதுதான் உச்சம். அதே பட்டியலில் கல்யாணத்துக்கு 50! நல்லது நடக்கும்போது ஏன் இப்படிப் படபடப்பு என்று பயந்தவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தனிமை தாங்காமல் வருகிறவரையெல்லாம் நம்பிவிடுவதும் நடக்கும். பணம் என்ற பேச்சை முதலிலேயே எடுக்கிற ஆளிடம் மட்டும் ஜாக்கிரதை. மறுபடி யாரும் வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அதுவும் நல்ல வாழ்க்கைதான்.

அப்புறம் பயம். இது காதலைவிடப் பெரிது. இவர் பத்து நிமிடம் போனை எடுக்கவில்லை என்றால் என் கற்பனை நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விடும். இதற்கு மருந்து இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, கூட இருக்கிறவரிடம் சொல்லிவைக்கலாம், அவ்வளவுதான். காகித வேலைகளையும் பேசி முடித்துவிடுங்கள். பல நாடுகளில் மறுமணம் செய்தால் இறந்தவர் பேரில் வரும் ஓய்வூதியம் நின்றுவிடும், அந்த விதியை முதலில் படியுங்கள். உயில் எழுதுங்கள், பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைத் தனியாக எழுதுங்கள். காதலைப் பற்றிப் பேச வந்துவிட்டு உயிலைப் பற்றிப் பேசுகிறாளே என்கிறீர்களா? எங்கள் காதல் பேச்சே அப்படித்தான் போனது. இவர் கேட்காமலே முழு உடல் பரிசோதனை செய்து, ரிப்போர்ட்டைக் கவரோடு கொண்டுவந்து நீட்டி, "சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூட, மற்றதெல்லாம் ஓகே" என்றார்.