கத்துகிறவருக்கா முதல் பணம்?

வணக்கம் நேயர்களே. மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில் பக்கம் சிறுதொழில் செய்யும் நம் மக்கள் பலர் கடனை அடைக்கும் வரிசை ஒன்றுதான். வாசலில் வந்து கத்துகிறவருக்கு முதல் பணம், பேசாமல் நோட்டீஸ் அனுப்புகிறவருக்குக் கடைசி. வீடும் கடையும் கைவிட்டுப் போவது இந்த வரிசையால்தான்.

முதலில் ஒரு முழுத்தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: வாங்கிய தொகை, இன்றைய பாக்கி, வட்டி, ஈடு என்ன, ஜாமீன் யார். தொகை போடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த செக் இருந்தால் அதன் எண்ணையும் குறியுங்கள். பலரும் விட்டுவிடும் விவரம் அது.

வீட்டை அல்லது கடையை ஈடாக வைத்த வங்கிக் கடன்தான் வரிசையில் முதல். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன். பிறகு, ஈடு வைத்த சொத்தை வழக்குப் போடாமலே வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அந்த நாட்களை வீணாக்காதீர்கள். கணக்கில் தவறு இருந்தாலோ அவகாசம் வேண்டுமென்றாலோ எழுத்தில் கொடுங்கள்; வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கிவிட்டால், கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் உண்டு. தபால்காரரிடம் நோட்டீஸை வாங்க மறுப்பதால் எதுவும் நிற்காது.

அடுத்தது செக். பணமில்லாமல் திரும்பினால், கடன் கொடுத்தவர் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்குக்கு இடமில்லை. தவறவிட்டால் குற்ற வழக்கு: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே.

தினம் தினம் வசூலிக்கும் தண்டல் கடனுக்கு வருவோம். பத்தாயிரம் என்று எழுதி ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, நாளைக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வாங்குகிறார்கள். ஆயிரம்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் இது 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் வாங்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மகாராஷ்டிராவின் 2014ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம். உரிமம் உள்ளவரும் வட்டிக்கு வட்டி போட முடியாது. உரிம எண்ணைக் கேளுங்கள், ஒவ்வொரு நாள் கட்டியதையும் அட்டையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அட்டை இல்லையென்றால், கையில் கொடுத்ததை நிரூபிப்பது மிகவும் சிரமம்.

கிரெடிட் கார்டும் ஈடில்லாத தனிநபர் கடனும் கடைசி. அதிகம் போன் வருவது இங்கேதான். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது, உறவினரிடம் சொல்லி மானத்தை வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

பாக்கியைக் குறைத்துக் கட்டிக் கணக்கை முடிக்கும் செட்டில்மென்ட் பேசினால், தொகையும் தேதியும் உள்ள கடிதம் வங்கியிடமிருந்து கைக்கு வரும்வரை ஒரு ரூபாய் கட்டாதீர்கள். கட்டுவதைக் கடன் கணக்கிலேயே கட்டுங்கள், ஏஜென்டின் யுபிஐ எண்ணுக்கு வேண்டாம். கட்டி முடித்ததும் பாக்கியில்லைச் சான்றிதழ் வாங்குங்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும், புதுக் கடன் கிடைப்பது சிரமமாகும். முழுத் தொகையும் கட்ட முடிந்தால் அதுவே நல்லது.

உங்களுக்கு வரவேண்டிய பாக்கியையும் விடாதீர்கள். மத்திய அரசின் உத்யம் என்ற சிறுதொழில் பதிவுள்ள தையல் பட்டறையோ தோல் பட்டறையோ சரக்கு கொடுத்தால், வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் வட்டியோடு கேட்டு மத்திய அரசின் சிறுதொழில் அமைச்சக இணையதளத்தில் மனு போடலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது. நேரில் போகும்போது நோட்டீஸை உறையோடு கொண்டு போங்கள். அது எந்த நாளில் வந்தது என்பதற்கு உறையின் மேலுள்ள தபால் முத்திரை உதவும்.