அரிசியில் எழுதிய 'அ'வும் திறக்காத டிபன் டப்பாவும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வீடு கொடுத்தனுப்ப வேண்டியது எழுத்தா, தைரியமா என்பது தலைப்பு. தைரியமே என்று பேச வந்திருக்கிறேன். அரசுத் தொடக்கப் பள்ளியில் பல வருஷமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவள் நான். ஜூன் மாதம் என் வகுப்பு வாசலில் என்ன நடக்கிறது என்பதுதான் என் வாதம்.

எதிரணித் தலைவர் விஜயதசமியை எடுத்துக்காட்டினார். தட்டில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிற மண் இது, நம் பெரியவர்களே எழுத்தில்தானே தொடங்கினார்கள் என்றார். கைதட்டலும் வாங்கினார். ஐயா, அந்தக் காட்சியை முழுசாகப் பாருங்கள். பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது? அப்பா மடியில், இல்லையென்றால் தாத்தா மடியில். விரலைப் பிடித்திருப்பது பழகின கை. மடி முதலில், எழுத்து அப்புறம். நீங்கள் கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறது!

பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் பள்ளியில் சேர்க்க என்ன கேட்டார்கள்? வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். வயதை மதிப்பிடத்தான் அது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காது எட்டினால் போதும், உள்ளே வா என்றார்கள். எழுத்துச் சொல்லித்தரத்தானே பள்ளிக்கூடம்?

ஒரு பெண் பிள்ளையைச் சொல்கிறேன். ஒன்று முதல் நூறு வரை தடங்கலில்லாமல் சொல்வாள். முதல் நாள் மதியம் எல்லாரும் சாப்பிடுகிறார்கள், இவள் மட்டும் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். குனிந்து பார்த்தேன். நாலு பக்கமும் கிளிப் வைத்த புது டப்பா. மூடியைத் திறக்க வரவில்லை. திறந்து தாங்க என்று கேட்கவும் வாய் வரவில்லை. கட்டைவிரல் நகத்தோரம் சிவந்து போயிருந்தது. நூறு வரை எண்ணத் தெரிந்த பிள்ளை, நடுவர் அவர்களே, பசியோடு உட்கார்ந்திருந்தது.

இன்னும் சில பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் காலையில் நிரம்பியபடியே சாயங்காலம் வீட்டுக்குப் போகும். குடித்தால் ஒன்றுக்கு வரும், வந்தால் டீச்சரிடம் கேட்க வேண்டும். அந்தப் பயத்தில் நாள் முழுக்க நாக்கு வறண்டு உட்காருகிற குழந்தையின் காதில் நான் சொல்லும் 'அம்மா, ஆடு' எங்கே ஏறும்?

இந்தப் பயத்தை யார் ஊட்டுகிறார்கள்? அம்மாக்கள் கோபிக்கக் கூடாது. "இரு இரு, பள்ளிக்கூடத்துல சேர்த்து விடறேன், டீச்சர் நாலு போடு போட்டாத்தான் நீ அடங்குவே" என்று மூன்று வயதிலிருந்து சொல்கிறோம். சாப்பிட அடம் பிடித்தால் டீச்சர், தூங்காவிட்டால் டீச்சர். பூச்சாண்டிக்குப் பதிலாக என்னை வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதம் அதே பூச்சாண்டியின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, "அழாதடா கண்ணா" என்றால் எப்படி?

அடுத்தது, "அம்மா கடைக்குப் போயிட்டு இதோ வந்துடறேன்" என்று கண்ணுக்குத் தெரியாமல் நழுவுவது. அன்றைக்கு நமக்குச் சுலபம். மறுநாள் அந்தப் பிள்ளை அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு விடாது. "நீ சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கி எழுந்து, மணி அடிச்சதும் இந்த வேப்பமரத்துக்கிட்ட நிப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் நில்லுங்கள். நான்கு நாள் அழும். ஐந்தாம் நாள் மரத்தைப் பார்க்கும், உங்களைப் பார்க்கும், பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்.

எதிரணியில் பேசிய தங்கை, எழுத்துத் தெரியாத பிள்ளை வகுப்பில் கூனிக் குறுகிப் போகும், அதுவும் பயம்தானே என்று கேட்டார். நியாயமான கேள்வி, ஒதுக்க மாட்டேன். அதற்குப் பள்ளிக்கூடம் வழி செய்திருக்கிறது. 2022 ஜூனில் தமிழக அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. எழுத்தே தெரியாத பிள்ளை அரும்பு. அதற்கும் பாட்டு உண்டு, பயிற்சி உண்டு. எழுத்தின் குறையை நான் நிரப்பிவிடுவேன் அம்மா. வீட்டில் ஊட்டிய பயத்தை எடுக்கத்தான் எனக்கு மாதக்கணக்காகிறது.

கொரோனாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பறையைக் கண்ணால் பார்த்ததில்லை. செல்போனில் எழுத்துப் பழகி வந்தவர்களும் அதில் உண்டு. பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்ததும் தள்ளித் தள்ளிப் போனார்கள். முகக்கவசம் போட்ட என்னைப் பார்த்து மிரண்டார்கள். இரண்டு வாரம் நான் புத்தகத்தைத் தொடவில்லை. கதை, பாட்டு, மரத்தைச் சுற்றி ஓட்டம், அவ்வளவுதான். பக்கத்துப் பிள்ளையின் பெயர் தெரிந்த பிறகுதான் பலகையில் எழுதினேன்.

வருஷா வருஷம் லீவு முடிந்து திரும்புகிற பிள்ளைக்கும் இது உண்டு. முந்தின ராத்திரி வயிறு வலிக்கிறது என்று சொல்லும். நடிப்பு என்று அதட்டாதீர்கள். பயந்தால் குழந்தைக்கு வயிறு நிஜமாகவே வலிக்கும்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளி வரை நடந்து போய் வாருங்கள். குழாய் எங்கே, கழிப்பறை எங்கே என்று காட்டுங்கள். "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பழகட்டும். டப்பா வாங்கும்போது அந்தச் சின்ன விரலால் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

அந்தப் பெண் பிள்ளையின் அம்மாவிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். மறுநாள் பழைய சுற்றுமூடி டப்பா வந்தது. மதியம் அவளே திறந்தாள். சாப்பிடவில்லை, மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்து, "டீச்சர், நானே" என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

மணி அடித்துவிட்டார்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.