காபி மழை கேட்ட பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். சாமிகிட்ட கேக்கற பாட்டுன்னு பல வருஷமா என் மனசுல கிடக்கற ஒண்ணைப் பத்தி பேசத்தான் வந்திருக்கேன், நேரம் இருந்தா இன்னொண்ணும் சொல்றேன். கரீபியன் கடல் பக்கம் டொமினிக்கன் குடியரசுன்னு ஒரு நாடு, அங்க ஹுவான் லூயிஸ் கெர்ரான்னு ஒரு பாடகர் 1989ல ஒரு பாட்டு போட்டார். வயக்காட்டுல காபி மழை பெய்யணும், இதான் பல்லவி.

அடுத்து என்னென்ன கேக்கறார் பாருங்க. மரவள்ளிக்கிழங்கு மழையா கொட்டணும், கீரையும் தேனும் தெக்கால மலையா நிக்கணும், வானத்துலருந்து வெள்ளை சீஸ் தூறலா விழணும். அடுப்புல வைக்க ஒண்ணும் இல்லாத வீட்டுக்காரன்தானே இப்படி கேப்பான்? தூறலுக்கு அந்த ஊர்ல ஹரினான்னு சொல்றாங்க, மாவுக்கு ஸ்பானிஷ்ல இருக்கற வார்த்தைலருந்து வந்தது. சல்லடைல மாவு சலிக்கறப்ப பொடிப்பொடியா கீழ விழும்ல, அதான் அவங்களுக்குத் தூறல். இந்த ஒரு வார்த்தைக்காகவே நான் இந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

சரி, இதுல சாமி எங்கன்னு கேப்பீங்க. சாமியைப் பேர் சொல்லிக் கூப்பிடற வரி இல்லதான், ஆனா பாட்டோட முதல் வார்த்தையே "ஓஹலா". அரபுலருந்து ஸ்பானிஷுக்குப் போன வார்த்தை, அல்லா நாடினால்னு அர்த்தம், நம்ம பாய் வீட்டுல இன்ஷா அல்லான்னு சொல்றாங்களே, அதோட சொந்தக்காரன். 711லருந்து 1492 வரைக்கும் ஸ்பெயின் மண்ணுல முஸ்லிம் ஆட்சி இருந்துச்சு, அப்ப ஒட்டிக்கிட்ட வார்த்தை கப்பலேறி கரீபியனுக்கு வந்து ஒரு கிறிஸ்தவ விவசாயி வாயில மழை கேக்குது. திரும்பவும் சொல்றேன், மழை கேக்கற அந்த முதல் வார்த்தைக்குள்ளயே சாமி உக்காந்திருக்கு. வானத்துக்கும் சொர்க்கத்துக்கும் ஸ்பானிஷ்ல ஒரே வார்த்தைதான், சியேலோ. அதனால சீஸ் சியேலோலருந்து விழணும்னா மேகத்துகிட்ட கேக்கறாரா கடவுள்கிட்ட கேக்கறாரான்னு பிரிக்கவே முடியாது, பிரிக்கவும் வேணாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க, ரெண்டே நிமிஷமாம். இதே கெர்ரா பின்னாடி ரொம்ப பக்தியாயிட்டார், 2004ல "பாரா தி"ன்னு ஒரு ஆல்பம், அதுல குளவிப் பாட்டு ஒண்ணு. எதிரி வந்தா கவலைப்படாதே, கொட்டறதுக்கு என் குளவிகளை அனுப்பறேன்னு இயேசு சொன்னதா பாடறார். பைபிள்ல யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்துல கடவுள் குளவி அனுப்பற இடம் இருக்கு, அதைத் தூக்கி மெரெங்கேங்கற அவங்க ஊர் ஆட்டத் தாளத்துல போட்டு ஆட விட்டிருக்கார். அந்தப் பாட்டைத்தான் இப்ப போடப்போறாங்க, கேளுங்க.