அப்பா போனும் பிள்ளையின் ரகசியமும்

வணக்கம். பள்ளிகளில் சமூகப் பணி செய்ய வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், பல வருடமாக இதே வேலையில் இருக்கும் என் தோழர்களுக்கும். காசில்லாமல் கிடைக்கும் ஆப், இணையதளம் பற்றியெல்லாம் பேசச் சொல்லி அழைத்தார்கள், பேசுகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இன்றைக்குச் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தத் தப்பிலிருந்து படித்தது.

சில வருடங்களுக்கு முன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கூகுள் ஃபார்ம் கொடுத்தேன். வீட்டில் படிக்க இடம் இருக்கிறதா, நன்றாகத் தூங்குகிறாயா, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று பத்துக் கேள்வி. பெயர் கேட்கவில்லை, அதனால் பயமில்லை என்று நினைத்தேன். ஃபார்மின் செட்டிங்ஸில், பதில் அனுப்பியவர்கள் மற்றவர்களின் பதில்களையும் சேர்த்துப் பார்க்க அனுமதிக்கும் ஒரு பட்டன் உண்டு. வேறொரு கூட்டத்துக்காக அதை ஆன் செய்து வைத்திருந்த பழைய ஃபார்மைத்தான் நான் காப்பி எடுத்தேன், அணைக்க மறந்துவிட்டேன். ஒரு பெண், அப்பா குடித்துவிட்டு வரும் ராத்திரிகளில் தானும் தம்பியும் பக்கத்து வீட்டு ஆயாவிடம் போய்ப் படுத்துக்கொள்வதாகவும், ஆயாவின் தையல் மெஷின் சத்தத்தில்தான் தூக்கம் வரும் என்றும் எழுதியிருந்தாள். அதே தெருவிலிருந்து மூன்று பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். அந்தத் தையல் மெஷின் போதுமாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் வகுப்புக்கே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் என் அறைக்கு வரவே இல்லை. வராந்தாவில் எதிர்ப்பட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள், பள்ளியை விட்டுப் போகும் வரைக்கும் அப்படித்தான்.

அதிலிருந்து எந்தக் கருவியை யார் காட்டினாலும் எனக்குள் இரண்டு கேள்வி ஓடும். இதனால் பிள்ளையோடு உட்கார எனக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும்? இதற்குள் அந்தப் பிள்ளையைப் பற்றி என்னவெல்லாம் தங்கிவிடும்? முதலாவதற்கு நிறைய, இரண்டாவதற்குக் கொஞ்சம் என்று பதில் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். கூகுள் ஃபார்மை நான் விட்டுவிடவில்லை. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்க பயமாக இருக்கிறதா, எத்தனை பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று தலைக்கணக்கு எடுக்க அதைவிட வசதி கிடையாது. எல்லாம் டிக் அடிக்கும் கேள்விகள், எழுதுகிற கட்டமே வைப்பதில்லை. மின்னஞ்சல் சேகரிக்கும் வசதியை அணைத்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டு, வேறொரு போனில் நானே பிள்ளை மாதிரி ஒருமுறை நிரப்பிப் பார்த்த பிறகுதான் வகுப்புக்குக் கொடுக்கிறேன். எழுதுகிற கதைகள் நேரில் வரட்டும்.

நேரம் மிச்சம் என்று பார்த்தால், எனக்கு அதிகம் கொடுத்தது போனின் கீபோர்டில் இருக்கிற மைக் படம்தான். கூகுளின் கீபோர்டான ஜீபோர்டில் தமிழைச் சேர்த்துவிட்டு மைக்கைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக வந்துவிடும், கணினியில் குரோம் வழியாக கூகுள் டாக்ஸ் திறந்தாலும் குரல் தட்டச்சில் தமிழ் இருக்கிறது. ஒரு நாளில் நான்கு வீடு போய்வந்து ராத்திரி உட்கார்ந்து எழுதினால் மூன்றாவது வீட்டில் அம்மா சொன்னதும் நான்காவது வீட்டில் பாட்டி சொன்னதும் கலந்துவிடும், இது நம் எல்லோருக்கும் நடக்கிறது. இப்போது வீட்டை விட்டு வந்ததும் வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்தி ஐந்து நிமிடம் பேசிவிடுகிறேன். ஆனால் பஸ்ஸில் பேசாதீர்கள், டீக்கடையில் பேசாதீர்கள். பெயர், ஊர், பள்ளி எதையும் சொல்லாதீர்கள், ஏனென்றால் அந்தக் குரல் போனுக்குள்ளேயே நின்றுவிடும் என்று நாம் உறுதி சொல்ல முடியாது. நான் 'த-7' மாதிரி ஒரு குறி வைத்துக்கொள்கிறேன். எந்தக் குறி எந்தப் பிள்ளை என்பது ஒரு சின்ன நோட்டில், பேனாவால் எழுதி, பூட்டிய அலமாரியில் இருக்கிறது.

திருப்பூர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு அடுத்தது. பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பங்கள், பீகார், ஒடிசா, வங்காளம் என்று, லைன் வீடுகளில் இருக்கின்றன. பிள்ளைக்கு ஏழெட்டு வயதாகியும் பள்ளியில் சேர்க்கவில்லை, அம்மாவிடம் பேச நமக்கு மொழி தெரியாது. கூகுள் டிரான்ஸ்லேட்டில் உரையாடல் வசதி இருக்கிறது, இருவரும் மாறி மாறிப் பேசலாம். தமிழ், இந்தி, வங்காளம் மூன்றையும் முன்பே டவுன்லோடு செய்துவைத்தால் நெட் இல்லாத இடத்திலும் எழுத்து மொழிபெயர்ப்பு வேலை செய்யும். ஒடியா 2020-இல் வந்தது, போஜ்புரியும் மைதிலியும் 2022-இல் சேர்ந்தன. மத்திய அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான பாஷினியும் 2022-இல் தொடங்கியதுதான், இலவசம்.

ஆனால் நாம் பேசுகிற மாதிரியே அதனிடம் பேசினால் குழப்பிவிடும். 'டி.சி. இல்லன்னாலும் சேத்துக்கலாம்' என்று ஒருமுறை சொன்னேன், அந்த அம்மா முகத்தில் ஒன்றும் புரியாத பார்வை. 'பழைய பள்ளி கொடுத்த மாற்றுச் சான்றிதழ் தேவையில்லை. இன்றே பள்ளியில் சேர்க்கலாம்' என்று இரண்டு சின்ன வாக்கியமாகச் சொன்னதும் எழுந்து உள்ளே போய் பிள்ளைக்குத் தலை வார ஆரம்பித்துவிட்டார். (சான்றிதழ் வரத் தாமதம் என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது, பள்ளி அலுவலகத்தில் யாராவது தயங்கினால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.) முக்கியமான வாக்கியம் என்றால் வந்த மொழிபெயர்ப்பைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள், தப்பு தெரிந்துவிடும். அடி, உடம்பைத் தொட்டது, சாக வேண்டும் போல இருக்கிறது என்கிற பேச்சுக்கு மெஷின் வேண்டாம். அந்த மொழி தெரிந்த, நம்பிக்கையான ஒரு பெரியவரைத் தேடிக் கூட்டி வாருங்கள். தமிழ் கற்றுக்கொண்ட அக்காவையோ அண்ணனையோ அந்தப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள், அதுவும் பிள்ளைதான்.

இடைநின்ற பிள்ளைகளை வீடு வீடாகக் கணக்கெடுக்கிறீர்களா? கோபோ டூல்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பேரிடர் நிவாரணம் செய்பவர்கள் நிறையப் பயன்படுத்துவது. தமிழிலேயே கேள்வி போடலாம், சிக்னல் இல்லாத மலைக் கிராமத்தில் நிரப்பிவிட்டு ஊருக்குத் திரும்பியதும் அனுப்பலாம், சின்ன அமைப்புக்கு இலவசக் கணக்கே போதும். அதில் இடத்தைப் பதிவு செய்யும் கேள்வியும் வைக்கலாம். வீட்டை விட்டு வந்து உறவினர் வீட்டில் இருக்கிற பெண் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறாள் என்று புள்ளி வைத்துக் காட்டும் வரைபடம் தப்பான ஒருவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு அதை வைக்கலாமா என்று முடிவு செய்யுங்கள். எனக்கு ஊர்ப் பெயர் போதும்.

மனநலக் கேள்வித்தாள் பற்றி ஒரு விஷயம். எஸ்.டி.க்யூ. என்கிற 25 கேள்விப் படிவத்தை உங்களில் பலர் படிப்பில் பார்த்திருப்பீர்கள். பிள்ளையின் பலமும் சிரமமும் தெரிய நல்ல படிவம், தமிழிலும் இருக்கிறது, தாளில் அச்சடித்துப் பயன்படுத்தக் காசு கேட்பதில்லை. அதையே கூகுள் ஃபார்மில் தட்டச்சு செய்து அனுப்பத்தான் உரிமை இல்லை, மின்வடிவம் செய்ய முன் அனுமதி வாங்க வேண்டும். தாளிலேயே கொடுங்கள். பிள்ளை எந்தக் கேள்வியில் பேனாவை நிறுத்தி யோசித்தது என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் தெரியும்.

சரி, வாட்ஸ்அப். பெற்றோர் குரூப் ஆரம்பித்தால் ஒவ்வொரு அம்மாவின் நம்பரும் குரூப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் போய்விடுகிறது. கணவனிடமிருந்து பிரிந்து, நம்பர் மாற்றி வாழ்கிற ஒரு அம்மா அந்தக் குரூப்பில் இருக்கலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள், 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. உங்கள் நம்பரை அவர்கள் சேமித்திருந்தால்தான் செய்தி போகும், அதனால் பெற்றோர் கூட்டத்தன்றே சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் முன் இன்னும் கவனம். பல வீடுகளில் பிள்ளை வைத்திருப்பது அப்பா போன். அப்பா வேலைக்குப் போனால் போனும் போய்விடும். 'நேற்று நீ சொன்னது பற்றி நாளைக்குப் பேசலாமா' என்று அன்பாக அனுப்புகிற ஒரு வரியை யார் முதலில் படிப்பார்கள்? அது அப்பாவாக இருந்து, பிள்ளை சொன்னதும் அப்பாவைப் பற்றியதாக இருந்தால் அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அதனால் போனில் நான் எதுவும் அனுப்புவதில்லை. உதவி எண்கள் பிள்ளையின் தலையில் நிற்கட்டும். 1098, குழந்தைகள் உதவி எண், 1996-இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. பட்டன் போனிலிருந்தும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறைக்கு 14417. மனசு சரியில்லை என்றால் டெலி-மானஸ், 14416, 24 மணி நேரமும், தமிழிலும் பேசுவார்கள். மூன்றையும் ஆறாம் வகுப்பில் கைதட்டிப் பாட்டு மாதிரி சொல்ல வைத்தேன், இன்றைக்கும் அந்தப் பிள்ளைகள் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கூப்பிட்ட பிறகு கால் லிஸ்டிலிருந்து எப்படி அழிப்பது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிக் கொடுங்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் அழுதுகொண்டு வந்து, 'என் படத்தை ஒருத்தன் வைத்திருக்கிறான், போட்டுவிடுவேன் என்கிறான்' என்று போனைக் காட்டினால் நம் கை தானாக என்ன செய்யும்? 'எனக்கு அனுப்பு, ஆதாரமாக வைத்துக்கொள்கிறேன்' என்று சொல்லும். சொல்லக் கூடாது. 18 வயது நிரம்பாத பிள்ளையின் அப்படிப்பட்ட படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம், நம் எண்ணம் நல்லதாக இருந்தாலும் இன்னொரு பிரதி உண்டாகிவிட்டது. படம் அந்தப் போனிலேயே இருக்கட்டும், மிரட்டிய செய்திகளை அழிக்க விடாதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது நம் கடமை, அதைத் தலைமை ஆசிரியர் சொன்ன பிறகு பார்க்கலாம் என்று தள்ளவும் முடியாது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், பெண்கள் குழந்தைகள் சம்பந்தமான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம்.

இதோடு 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை 2023-இல் வந்தது, காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்க மையம் நடத்துகிறது. படம் வைத்திருக்கிற போனிலேயே அந்தத் தளத்தைத் திறந்தால், படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு எண்ணை அந்தப் போனிலேயே உருவாக்கி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறது, படம் எங்கும் போவதில்லை. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி இதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்த எண்ணை வைத்துத் தேடி எடுத்துவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொள்வதை அது தடுக்காது, அதையும் மறைக்காமல் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். 18 தாண்டிய அக்காக்களுக்கு 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' அதே வேலையைச் செய்கிறது. இந்த ஒன்றை மட்டும் நீங்கள் கற்றுக்கொண்டு போனாலும் நான் வந்ததற்குப் பலன் உண்டு.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கிறது, கணினிக்கு அதே வேலை செய்யும் என்.வி.டி.ஏ. இலவசம், தமிழையும் வாசிக்கும். பேச்சு வராத பிள்ளைக்கு அராசாக் தளத்தில் ஆயிரக்கணக்கான படக்குறிகள் கிடைக்கும், அச்சடித்து அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். சாப்பாடு, தண்ணீர், வலிக்கிறது, பயமாக இருக்கிறது. கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள், பல அட்டைகளில் அவை இருப்பதில்லை.

இங்கே வந்ததும் ஒரு தங்கை கேட்டார், கேஸ் ரிப்போர்ட்டை சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுதலாமா அக்கா என்று. நல்ல கேள்வி, நிறையப் பேர் செய்கிறீர்கள் என்றும் தெரியும். கூட்ட அழைப்பிதழ், பஸ் நேரம் மாற்றக் கேட்டு ஒரு மனு, குழந்தைத் திருமணம் பற்றிய துண்டறிக்கை, இதற்கெல்லாம் தாராளமாக. பிள்ளையின் கதையை அதில் போடாதீர்கள், பெயரை எடுத்துவிட்டாலும் போடாதீர்கள், தையல் மெஷினை மறந்துவிடாதீர்கள். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குள் இருப்பவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்தப் பிள்ளை உங்களிடம் சொன்னது நீங்கள் என்பதால்.

போட்டோவும் அப்படித்தான். நிதி கொடுப்பவர்கள் படம் கேட்பார்கள். இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. சிக்னல் என்கிற செய்தி அனுப்பும் ஆப்பில் முகத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது, ஆனால் முகத்தை மறைத்துவிட்டு யூனிஃபார்மின் நிறமும் பின்னால் பள்ளிப் பெயர்ப் பலகையும் தெரிய அனுப்பினால் என்ன பயன்? பிள்ளைகள் வரைந்த ஓவியத்தை, பெயர் தெரியாமல், கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

இப்போது எல்லோரும் போனை எடுங்கள். பூட்டிய திரையில் வாட்ஸ்அப் செய்தி தெரிகிறதா? நோட்டிபிகேஷன் செட்டிங்ஸில் போய் மறையுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். தலைமை ஆசிரியர் அறைக் கணினியில் உங்கள் ஜிமெயிலைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தவர்கள் யார்? போனிலிருந்தே கூகுள் கணக்குக்குள் போய், எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து வெளியேற்றலாம். முடிந்ததும் உங்கள் பழைய கூகுள் ஃபார்ம் ஒவ்வொன்றையும் திறந்து நான் சொன்ன அந்தப் பட்டனைப் பாருங்கள். வழி தெரியாதவர்கள் கையைத் தூக்குங்கள், நான் பக்கத்தில் வருகிறேன்.