கழுதைத் தோலா, மாட்டுத் தோலா?

நேயர்களுக்கு வணக்கம். சீன மருந்துக் கடைகளில் எஜியாவ் என்று ஒரு கட்டி விற்பார்கள், கரும்பழுப்பாக, தட்டையாக, உடைத்தால் உடைந்த பக்கம் பளபளவென்று இருக்கும். கழுதைத் தோலை நெடுநேரம் காய்ச்சி, வற்றவைத்து, வெட்டிக் காயவைத்த பசை அது. ஷான்டோங் மாகாணத்துச் சரக்குக்குத்தான் பேர். இரத்தம் ஊறும் என்று பெண்கள் நிறைய வாங்குகிறார்கள். கழுதைகள் குறையக் குறைய விலை ஏறியது, விலை ஏறியதும் மாடு, குதிரை, பன்றித் தோலெல்லாம் கொப்பரைக்குள் போக ஆரம்பித்தன.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்தால் தெரியாது. டிஎன்ஏ அவ்வளவு கொதியில் சிதைந்துபோயிருக்கும், அதை நம்பி முடிவு சொல்ல முடியாது. ஆனால் தோலிலுள்ள கொலாஜன் புரதம் ஜெலட்டினாக மாறினாலும் அதன் அமினோ அமில வரிசை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதனால் பொடியைக் கரைத்து, டிரிப்சின் என்ற நொதியைச் சேர்த்து, 37 டிகிரியில் இரவு முழுக்க வைக்கிறார்கள். டிரிப்சின் கண்ட இடத்தில் வெட்டாது. லைசின், அர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களில் ஏதாவது ஒன்றை அடுத்துத்தான் வெட்டும். அப்படிக் கிடைக்கும் பெப்டைடுத் துண்டுகளில் சில அந்தந்த விலங்குக்கே உரியவை. மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியில் கழுதைக்கான துண்டு 539.8 என்ற இடத்தில் நிற்கும், அதை மேலும் உடைத்தால் 612.4, 923.8 என்று இரண்டு வரும். உடைந்தது எப்படிப் பெரிதாகும் என்று கேட்காதீர்கள், இவை எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண்கள், முழுத் துண்டுக்கு மின்னூட்டம் இரண்டு. சீன அரசின் மருந்துத் தர நூலே இந்த எண்களைத்தான் பார்க்கச் சொல்கிறது. குதிரையும் கழுதையும் பங்காளிகள், கொலாஜனும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அங்கொன்றும் இங்கொன்றுமாக மாறும் அமினோ அமிலத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

இங்கேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். கழுதைப் பெப்டைடு கிடைத்தது என்றால் கழுதைத் தோல் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பாதிக்கு மேல் மாட்டுத் தோலாக இருந்தாலும் அந்தத் துண்டு தெரியத்தான் செய்யும். ஆகவே மாடு, குதிரை, பன்றி ஒவ்வொன்றின் துண்டையும் தேடிப் பார்த்து, இல்லை என்று காட்டிய பிறகுதான் அசல் என்று முத்திரை குத்த வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அது உரிமை.

அப்புறம், அந்தக் கழுதை யாருடையது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. ஆப்பிரிக்காவில் தண்ணீர் சுமக்கும் கழுதைகளைத் தோலுக்காகத் திருடிக் கொன்றார்கள். அதனால்தான் 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதைகளை வெட்டுவதற்குத் தடை போட்டது. எனவே சோதனைச் சான்றோடு தோல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற காகிதத்தையும் கம்பெனிகளிடம் கேட்டு வாங்க வேண்டும். நன்றி, வணக்கம்.